ரெக்கார்டுப்படி இரண்டடி

தென்னாற்காடு ஜில்லாவின் விமானப் போக்குவரத்தைப் பற்றி எழுதியவர்கள் யாரும் இன்னாசியைக் குறிப்பிட்டதில்லை. அந்த ஜில்லாவில் விமானப் போக்குவரத்து என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனாலும் அந்தத் துறையில் முழுநேர ஊழியர் ஒருவர் இருந்தார். காக்கிச் சட்டை இருந்தது, விசில் இருந்தது, நாலாயிரம் அடி நீளத்துக்கு ஓடுபாதை இருந்தது. விமானம் மட்டும்தான் இல்லை. ஒரு துறையில் நாலில் மூன்று இருந்தால் அது நன்றாக நடக்கிற துறை என்றுதான் கணக்கு.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை நீலமாகத் தெரிகிற தும்பைப்பட்டில் இருந்தது அந்த ஓடுபாதை. யுத்த காலத்தில் ஜப்பான்காரன் வருவான் என்று வெள்ளைக்காரன் போட்டது. ஜப்பான்காரன் வரவில்லை. வெள்ளைக்காரனும் போய்விட்டான். ஓடுபாதையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகும் வசதி அவனுக்கு இல்லாததால் அது அங்கேயே கிடந்தது. மூன்று இலாகாக்கள் "இது எங்களுடையது அல்ல" என்று இருபது வருஷம் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டன. எந்த இலாகாவின் குமாஸ்தா முதலில் களைத்துப்போனாரோ அந்த இலாகாவின் தலையில் அது விழுந்தது. விழுந்த பிறகு அதற்கு ஒரு வாட்ச்மேன் தேவைப்பட்டது. அப்படித்தான் 1978-ல் இன்னாசி உள்ளே வந்தார்.

அவர் நியாயமான மனுஷன். ஓடுபாதையின் மேற்குப் பாதியை, அங்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காயப்போடவும், கிழக்குப் பாதியை மரவள்ளிக் கிழங்கு வில்லை காயப்போடவும் ஊருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். நடுவில் ஒரு வண்டி போக வழி விடச் சொல்வார். காற்றின் திசையைக் காட்ட இலாகா கொடுத்த துணிப்பை இரண்டாவது வருஷமே கிழிந்து போக, அவர் மனைவி ரீத்தாவின் சிவப்பு உள்பாவாடை ஒன்றைக் கம்பத்தில் கட்டினார். அது இலாகாப் பையைவிட நன்றாகவே காற்றில் நிமிர்ந்தது. ரீத்தாவுக்கு அதில் வருத்தம் இருந்தாலும், தன் துணி ஒன்று அரசாங்கப் பணியில் இருக்கிறது என்று தெருக் குழாயடியில் சொல்லிக்கொள்ள முடிந்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னாசி ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஏழாவது கேள்விதான் முக்கியம். ஓடுபாதையின் முனைகளுக்கு அருகே விமானத்துக்கு இடைஞ்சலாக மரம், கம்பம், கட்டடம் ஏதாவது உண்டா, உண்டென்றால் உயரம் என்ன. வேலைக்கு வந்த புதிதில் இன்னாசி இதை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். கிழக்கு முனையிலிருந்து முந்நூறு அடி தள்ளி, வேறொரு இலாகா அப்போதுதான் மரம் வளர்ப்புத் திட்டத்தில் வரிசையாகக் கன்று நட்டிருந்தது. இன்னாசி முழங்காலிட்டு முழக்கோலால் அளந்து, "தைலமரக் கன்று பதினொன்று, உயரம் இரண்டடி" என்று எழுதினார். இரண்டடியால் விமானத்துக்கு ஆபத்தில்லை என்று பதில் வந்தது.

அடுத்த ஆறு மாதத்தில் கன்று அவர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. என்ன எழுதுவது என்று ஓவர்சீயர் காசிநாதனைக் கேட்டார். காசிநாதன் கள்ளக்குறிச்சி அலுவலகத்திலிருந்து சைக்கிளில் வந்து மேலொப்பம் போடுகிறவர்.

"போன தடவ இன்னா எழுதின?" என்றார் காசிநாதன்.

"ரெண்டடின்னு எழுதினேன் சார்."

"அப்ப அதையே எழுது. மாத்தி எழுதினா, ஏன் மாறிச்சுன்னு கேப்பான். மாறலன்னா எவனும் கேக்க மாட்டான்."

அன்றிலிருந்து "முன் அறிக்கையில் கண்டபடியே, மாற்றமில்லை" என்று இன்னாசி எழுதினார். காசிநாதன் கீழே கையெழுத்துப் போட்டார். பதினெட்டு அறிக்கைகள் போயின. தைலமரம் இந்த நிர்வாக ஏற்பாட்டுக்குக் கட்டுப்படவில்லை. ஒன்பது வருஷத்தில் பதினோரு மரமும் அறுபது அடியைத் தாண்டி, ரெக்கார்டில் மட்டும் முழங்காலுக்குக் கீழே நின்றன.

பிறகு 1987 செப்டம்பர் வந்தது.

அந்த மூன்றாவது வாரத்தில் வட ஜில்லாக்களின் சாலைகள் எல்லாம் நின்றுபோனது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜனங்கள் இட ஒதுக்கீட்டில் தங்கள் பங்கைக் கேட்டார்கள். கேட்டது காதில் விழ வேண்டும் என்று சாலையோரப் புளியமரங்களைச் சாய்த்து வழியில் போட்டார்கள். பதிலுக்குத் தடியடி வந்தது, சில ஊர்களில் துப்பாக்கி வந்தது. அந்தக் கதை சிரிக்காமல் சொல்ல வேண்டிய கதை, அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பஸ் இல்லை, தபால் இல்லை, மரங்களோடு கம்பங்களும் சாய்ந்ததால் தந்தியும் போனும் இல்லை. கோடாலியோ ரம்பமோ கையில் வைத்திருப்பவரைக் கண்டதும் பிடிக்கலாம் என்று போலீசுக்கு உத்தரவு.

அந்த வாரத்தின் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்கு, காசிநாதன் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். வழியில் நாற்பத்தோரு மரம் தாண்டியதாகச் சொன்னார். அவர் சட்டையில் ஒரு கை இல்லை.

"யோவ் இன்னாசி, ஆடு மாடெல்லாம் ஓட்டு. மல்லாட்டைய வார சொல்லு. மூணு மணிக்கு ப்ளேன் வருது."

இன்னாசி சிரித்தார். "இன்னா சார், காலையிலயே."

"சிரிக்காதய்யா. ரோடு இல்லன்னு மெட்ராஸ்லேருந்து ஆபீசருங்க மூணு பேரு பேச்சுவார்த்தைக்கு ப்ளேன்ல வராங்க. சின்ன ப்ளேனு. தும்பைப்பட்டுல எறங்கலாமான்னு வயர்லெஸ்ல கேட்டாங்க. எறங்கலாம்னு ஆபீஸ்ல பதில் குடுத்துட்டாங்க."

"எத வெச்சு குடுத்தாங்க?"

"உன் ரிப்போர்ட்ட வெச்சுத்தான். ஃபைல் எவ்ளோ சுத்தமா இருக்குதுன்னு எஞ்சினியரே சொன்னாரு."

இன்னாசியின் சிரிப்பு நின்றது. "சார், கொஞ்சம் கெழக்க பாருங்க."

காசிநாதன் ஒன்பது வருஷமாக வந்துகொண்டிருந்தாலும் மேற்கு முனையில் இருந்த வாட்ச்மேன் கொட்டகையில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து, அவித்த மல்லாட்டை தின்றுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர். கிழக்கே பார்க்க அவருக்கு அலுவல் ரீதியான காரணம் எதுவும் ஏற்பட்டதில்லை. இப்போது பார்த்தார்.

"அது இன்னா தோப்பு?"

"கன்னுங்க சார்."

காசிநாதன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தார். பிறகு, எதற்காக அந்தப் பக்கமாக வரப்போகிறார்கள், மேற்குப் பக்கமாக வரட்டுமே என்றார்.

"மேற்கால மலை நிக்குது சார். காத்தும் அங்கேருந்துதான் அடிக்குது. கெழக்கேருந்துதான் எறங்குவாங்க. மூணு மணி வெயிலு நேரா அவங்க கண்ணுல அடிக்கும். மரம் பாருங்க, சாம்பக் கலரு. கிட்ட வர்ற வரிக்கும் தெரியாது. ஃபைல்ல ரெண்டடின்னு இருந்தா அவங்க எதுக்குத் தேடிப் பாக்கப் போறாங்க."

ஒன்பது வருஷமாக யோசித்து வைத்ததுபோல அவர் வாயிலிருந்து இது வந்துவிட்டது. யோசித்து வைத்ததுதான். சில ராத்திரிகளில் ரீத்தா தூங்கிய பிறகு அவர் மனசுக்குள் ஒரு விமானம் கிழக்கிலிருந்து வரும். வராத விமானம்தானே என்று புரண்டு படுப்பார். இன்றைக்கு அதற்கு மணி குறித்துவிட்டார்கள். மூன்று அதிகாரிகள், ஓட்டுகிறவர் ஒருத்தர், ஆக நாலு உயிர்.

"நம்ம ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்குது சார்," என்றார் இன்னாசி.

"நான் வோணா திரும்பிப் போய் வயர்லெஸ்ல சொல்லிடட்டா?" காசிநாதன் எழுந்த வேகத்தில் கடமையுணர்ச்சியைவிட வேறு ஏதோ ஜாஸ்தி இருந்தது.

"எத்தினி மணிக்குக் கெளம்பினீங்க?"

"நாலு மணிக்கு. விடியக்காத்தால."

"போய்ச் சேர்றப்ப மூணு அடிச்சிடும் சார்."

காசிநாதன் மறுபடி உட்கார்ந்தார். வெட்டுவது தவிர வழி இல்லை. கோடாலி கேட்டு இன்னாசி வீட்டுக்குள் போனார்.

ரீத்தா பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "கோடாலியா? அது கெணத்துல கெடக்குது. போலீசு வூடு வூடா தேடறாங்க, தூக்கிக் கெணத்துல போடுன்னு நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன். போடுவியா அதுக்குன்னு."

"நீங்க சொன்னத நான் கேட்டதே ஒரு தடவ. அருவாமனை இருக்குது. குடுக்கட்டா?"

இன்னாசி தெருவில் இறங்கினார். ஓடுபாதையை ஒட்டி நிலம் வைத்திருந்த கொளஞ்சியம்மாள் வீட்டுக்கு முதலில் போனார். அவள் வாசலில் ஆள் உயரத்துக்கு விறகு, ஒரே அளவாகப் பிளந்து அடுக்கியிருந்தது.

"கொளஞ்சியக்கா, கோடாலி ஒண்ணு வோணும். அவசரம்."

"கோடாலியா?" கொளஞ்சியம்மாள் அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முதலாகக் கேட்பவள்போலப் பார்த்தாள். "எங்க வூட்ல அந்த வழக்கமே கெடையாதே இன்னாசி."

"அப்ப இந்த வெறகு?"

"ஒடிச்சுது."

"பல்லாலயா?"

"நீ காக்கி சட்ட போட்டுகினு வந்து கோடாலி கேப்ப, நான் எடுத்துக் குடுப்பேன், சாயங்காலம் போலீசு வந்து என் புள்ளைய இட்டுகினு போவும். போய்யா, வேற வூடு பாரு."

பதினான்கு வீடு ஏறினார். ஒரு கிராமம் முழுக்கக் கோடாலி என்பதே இல்லாமல் எப்படி இத்தனை காலம் சமைத்துச் சாப்பிட்டது என்பது ஆராய வேண்டிய விஷயம். காக்கிச் சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டபோது இன்னும் சந்தேகப்பட்டார்கள். பத்தே முக்கால் ஆகிவிட்டது. கோடாலி எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். போகத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. அவருக்கும் இல்லை. ஆனால் வேறு இடமும் இல்லை.

மெயின் ரோட்டில் சாய்ந்து கிடந்த புளியமரத்தின் மேல் தங்கதுரை உட்கார்ந்திருந்தான். முப்பது வயது, சுற்றுவட்டாரத்தில் மறியலுக்குத் தலைமை அவன்தான். அவனைச் சுற்றி இருபது பேர் இருந்தார்கள். கோடாலிகள் பகிரங்கமாக இருந்தன.

"இன்னா வாட்ச்மேன் அண்ணே, இவ்ளோ தூரம்?"

இன்னாசி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டடி, அறுபதடி, பதினெட்டு அறிக்கை, மூன்று மணி. நடுவில் யாரோ சிரித்தார்கள். தங்கதுரை சிரிக்கவில்லை.

"அண்ணே, அவங்க வரக்கூடாதுன்னுதான் நாங்க ரோட்ட அடைச்சு வெச்சிருக்கோம். நீ வந்து எங்களையே வானத்துல வழி வெட்டிக் குடுன்ற."

"வரவாணாம்னா வராம போவட்டும் தம்பி. நான் இன்னா வெத்தல பாக்கு வெச்சா கூப்ட்டேன். ஆனா மோதி சாவக்கூடாது. அதுவும் இந்த ஊர்ல சாவக்கூடாது. செத்தாங்கன்னா மரம் தானா வளந்துதுன்னு எவனாவது எழுதுவானா? இவங்கதான் ப்ளேன கவுத்தாங்கன்னு உங்க தலையில எழுதுவான்."

அன்றைய தேதியில் ஜில்லாவில் நடந்த எல்லாவற்றுக்கும் அவர்கள் பேர்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

"அதுவும் பேச வராங்க," என்றார் இன்னாசி மெதுவாக. "நீங்க கேக்கறத யாருகிட்டயாவது சொல்லித்தான ஆவணும். இந்தப் புளியமரத்துகிட்டயா சொல்லப் போறீங்க?"

தங்கதுரை எழுந்து வேட்டியை உதறினான். "சரி. ஆனா ஒண்ணு. நாங்க ஒரு மனு எழுதித் தரோம். ப்ளேன் கதவத் தொறந்ததும் மொத ஆளா நீதான் அவங்க கையில குடுக்கணும். போலீசு எங்கள கிட்ட வுடாது."

அரசாங்க ஊழியர் போராட்டக்காரர்களின் மனுவைத் தூக்குவது வேலையையே தின்றுவிடக்கூடிய காரியம். இன்னாசி ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தலையாட்டினார். யோசிக்க நேரம் இல்லாததும் சில சமயம் தைரியமாகத் தெரியும்.

மனு எழுதி முடிந்து இன்னாசியின் சட்டைக்குள் போன பிறகு, பன்னிரண்டு மணிக்குக் கிழக்கு முனையில் நாலு கோடாலி ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. ஒரு வார அனுபவத்தில் அவர்கள் கை ரொம்பத் தேறியிருந்தது. எந்தப் பக்கம் வெட்டினால் எந்தப் பக்கம் சாயும் என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. முதல் மரம் பன்னிரண்டே கால் தாண்டி விழுந்தது. இரண்டாவது, கால் மணி கழித்து விழுந்தது. மூன்றாவது விழும்போது வயல் வரப்பில் காக்கி தெரிந்தது.

ஏட்டு பழனியும் நாலு கான்ஸ்டபிள்களும் அதிகாரிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்க நடந்தே வந்திருந்தார்கள். வந்தவர்கள் கண்ணில் பட்டது, நாலு கோடாலியோடு இருபது பேர் மரம் வெட்டுகிற காட்சி. ஏட்டு லத்தியை உருவினார். பையன்கள் கோடாலியைக் கீழே போடவில்லை. ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை. அந்த வாரத்தில் அப்படி ஒரு நிமிஷம் எதில் போய் முடியும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். இன்னாசி நடுவில் போய் நின்றார். நிற்கிற மரம் ஒன்றைக் கையால் தட்டிக் காட்டினார்.

"ஐயா, இது வெட்டித்தான் ஆவணும். ப்ளேனு மோதிக்கும்."

"ஆர்டர் எங்க?" என்றார் ஏட்டு. "மரம் வெட்ட ஆர்டர் காட்டு."

அந்த மரங்கள் வேறு இலாகாவுக்குச் சொந்தம். அவற்றை வெட்ட அந்த இலாகாவின் அனுமதி, அதற்கு விண்ணப்பம், அதற்கு மேலதிகாரியின் பரிந்துரை வேண்டும். வேகமாக நடந்தால் எட்டு மாதம். மணி ஒன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் ஓவர்சீயர் காசிநாதன், தன் இருபத்திரண்டு வருஷ சர்வீசில் ஒரே ஒருமுறை, எழுந்து முன்னால் வந்தார். பையிலிருந்து கார்பன் தாளும் காகிதமும் எடுத்து, சைக்கிள் சீட்டின் மேல் வைத்து எழுதினார். எழுதியதை ஏட்டிடம் நீட்டினார்.

ஏட்டு உரக்கப் படித்தார். "ஓடுபாதையின் கிழக்கு முனையில் இரண்டடி உயரத்துக்கு வளர்ந்துள்ள பதினோரு செடிகளைக் களையெடுக்க வாட்ச்மேனுக்கு இதனால் உத்தரவிடப்படுகிறது." படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார், இன்னும் மேலே பார்த்தார், தொப்பி பின்னால் விழுந்தது. "யோவ், இது செடியா?"

"ரெக்கார்டுப்படி செடிதாங்க," என்றார் காசிநாதன். "மரம்னு நிரூபிக்கணும்னா நீங்க ஃபைல பாக்கணும்."

ஏட்டு பழனி யோசித்தார். களையெடுப்பதைத் தடுக்க அவருக்கு எந்தச் சட்டத்திலும் அதிகாரம் இல்லை. ஒரு பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சீக்கிரம் களையெடுங்கய்யா," என்றார்.

இந்தத் தகராறில் அரைமணி நேரம் போயிருந்தது. ஒன்றரை மணிக்கு நாலாவது. ஒன்றே முக்காலுக்கு ஐந்தாவது. கைகளில் கொப்புளம் உடைந்து காம்பில் ரத்தம் ஒட்டியது. இன்னாசியும் ஒரு கோடாலி வாங்கி வெட்டினார். வெட்டுக்கு வெட்டு நிறுத்திக் கிழக்கே காது கொடுத்தார். "அண்ணே, நீ ஒண்ணு வெட்டு, இல்ல கேளு," என்றான் பக்கத்தில் வெட்டியவன். ஆறாவது மரம் இரண்டு மணி பத்துக்கு விழுந்தது. பாக்கி ஐந்து. ஐம்பது நிமிஷம். கால் மணிக்கு ஒன்று என்றால் கணக்கு உதைத்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

இரண்டு பதினைந்துக்குச் சத்தம் கேட்டது.

முதலில் மோட்டார் செட்டு ஓடுகிறது என்று நினைத்தார்கள். தண்ணீர் இறைக்கிற மோட்டார் வானத்தில் ஓடாது என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நாற்பது வருஷமாக வராத விமானம் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. தும்பைப்பட்டில் நேரத்துக்கு முன்னால் வந்த அரசாங்க வாகனம் அது ஒன்றுதான். வெள்ளையாக, கையளவு, ஓடுபாதையின் மேல் உயரத்தில் போய், மலைக்கு முன்னால் திரும்பி, தெற்கே வளைந்து, கிழக்குப் பக்கமாக நீண்டு போயிற்று. சுற்றி வந்து இறங்கப் போகிறது.

ஒரு மரத்துக்குக் கால் மணி. ஐந்து மரம். விமானத்துக்கு ஐந்தாறு நிமிஷம். எல்லோரும் இன்னாசியைப் பார்த்தார்கள். காசிநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னாசி கோடாலியைப் போட்டார். "வெட்டாதீங்க," என்றார். "வெட்டினத இழுங்க. ரன்வேல போடுங்க."

"எதுக்குண்ணே?"

"ரோட்டுல எதுக்குப் போட்டீங்க? வரக்கூடாதுன்னுதான. அதே மாதிரி போடுங்க. எறங்க எடமில்லன்னு தூரத்துலயே தெரியணும். குறுக்க போடுங்க, குறுக்க."

ஒன்பது வருஷமாக அந்த ஓடுபாதையில் ஒரு வெள்ளாட்டைக்கூட நிற்க விடாதவர் சொன்ன வார்த்தை அது. தங்கதுரை அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்தான். இருபது பேர் பிடித்தும் அது சரியாக நகரவில்லை. ஏட்டு பழனி கான்ஸ்டபிள்களைப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க அவர்கள் செய்த வேலை வழியில் கிடந்த மரத்தை வெளியே இழுப்பது. இப்போது வெளியே கிடந்த மரத்தை வழியில் இழுக்க வேண்டும். "புடிங்கய்யா," என்றார் ஏட்டு. அந்த வாரத்தில் வேறு எங்காவது போலீசும் போராட்டக்காரர்களும் ஒரே மரத்தை ஒரே பக்கம் இழுத்தார்களா என்று தெரியவில்லை.

முந்நூறு அடி. இலையும் கிளையுமாக அது தரையைக் கீறிக்கொண்டு வந்தது. பாதி தூரத்தில் ஒரு கான்ஸ்டபிள் விழுந்தார், யாரும் நிற்கவில்லை. ஓடுபாதையின் விளிம்பில் கல் தடுக்கி மரம் மாட்டிக்கொண்டது. கிழக்கே வெள்ளைப் புள்ளி திரும்பிவிட்டது. இப்போது அது நகர்வதாகவே தெரியவில்லை. ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டிருந்தது. நேராக வருகிற விமானம் அப்படித்தான் தெரியும் என்று இன்னாசிக்கு அன்றுதான் தெரிந்தது.

"தூக்கி இழுங்கடா," என்று ஒரு குரல் கேட்டது. அது காசிநாதனுடையது. அவரும் ஒரு கிளையைப் பிடித்திருந்தார். மரம் கல்லைத் தாண்டி, வெள்ளையாக வெளுத்திருந்த தரையின் மேல் குறுக்கே விழுந்து பச்சையாகப் பரவியது.

"எல்லாரும் ஓடுங்க," என்றார் இன்னாசி. அவர் ஓடவில்லை. மரத்துக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கும் நெடுக்குமாக வீசினார். நிற்கிற ஐந்து மரத்தின் உச்சிக்கு மேலே, பிறகு உச்சிக்கு நேராக என்று அந்த வெள்ளை மூக்கு இறங்கிக்கொண்டே வந்தது. சக்கரம் தெரிந்தது. அவருக்குச் செபம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு சத்தம் மாறியது. மூக்கு நிமிர்ந்தது. விமானம் மரங்களின் மேல் ஏறியது, ஏறியது என்பதைவிட உரசாமல் தப்பியது என்று சொல்லலாம். ஐந்து மரத்தின் உச்சியும் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தன. தைல வாசனை அப்படியே முகத்தில் அடித்தது. தலைக்கு மேல் போனபோது ஜன்னலில் ஒரு முகம், மூக்குக்கண்ணாடி, திறந்த வாய். அவ்வளவுதான். விமானம் வடக்கே வளைந்து சிறுத்துப் போய்விட்டது. திரும்பி வரவில்லை.

இன்னாசி அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. தங்கதுரை வந்து கையை நீட்டினான். "மனுவக் குடுண்ணே. வேற வழி பாத்துக்கறோம்." அவன் குரலில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. இன்னாசி சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். வியர்வையில் மை பரவியிருந்தது. ஏட்டு பழனி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, பையன்கள் போகிற வரைக்கும் தன் ஷூ லேசைக் கட்டினார்.

ரீத்தா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கையில் கொடுத்தால் சிந்தும் என்று அவளே வாயில் வைத்தாள்.

"ஜன்னல்ல ஒருத்தர் மூஞ்சி தெரிஞ்சுது," என்றார் இன்னாசி.

"இன்னா சொன்னாரு?"

"திட்டினாரு போல."

"திட்டட்டும்," என்றாள் ரீத்தா. "குடிங்க."

மூன்று வாரம் கழித்து, சாலைகள் திறந்த பிறகு, அந்த மூக்குக்கண்ணாடியே ஜீப்பில் விசாரணைக்கு வந்தது. அரசாங்க விமானம் இறங்கும் நேரத்தில் ஓடுபாதையில் மரத்தைப் போட்டது யார் என்பது விசாரணை. அதிகாரி முதலில் ஃபைலைக் கேட்டார். பதினெட்டு அறிக்கையும் வரிசையாக, மேலொப்பத்தோடு, குறையில்லாமல் இருந்தன. பிறகு கிழக்கு முனைக்கு நடந்தார். ஐந்து மரத்தடியில் நின்று மேலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, வெட்டின மரத்தின் அடிக்கட்டை ஒன்றில், தூசி தட்டாமல் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு எதுக்குய்யா பயந்த?" என்று கேட்டார். "வேல போயிடும்னா?"

"காலையில வேலதாங்க," என்றார் இன்னாசி. "பொய் சொல்லக்கூடாது. சத்தம் கேட்டப்புறம் வேல ஞாபகமே வரலீங்க."

அதிகாரி தலையசைத்தார். நாற்பத்தைந்து நாளில் உத்தரவு வந்தது. ஒன்பது வருஷ அறிக்கைகள் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, ஏனென்றால் அவை ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தி இருந்தன. ஓடுபாதையில் தடை ஏற்படுத்திய குற்றத்துக்காக வாட்ச்மேன் இன்னாசிக்கு எழுத்துமூலம் கடும் எச்சரிக்கை. இன்னாசி அதைப் படித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை கிணற்றில் ஆள் இறக்கிக் கோடாலியை எடுத்தார். கிழக்கே நடந்தவரைப் பார்த்து, "யாரு வெட்ட சொன்னா?" என்று ரீத்தா கேட்டாள்.

"யாரும் சொல்லல."

உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மரம் என்று ஐந்து நாள் ஆயிற்று. ஐந்தாவது மரம் விழுந்தபோது கிழக்கே வானம் தரை வரைக்கும் வந்து தொட்டது. இன்னாசி அடிக்கட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அன்று ராத்திரி தூங்கினார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும் வரைக்கும் தும்பைப்பட்டுக்கு எந்த விமானமும் வரவில்லை. வந்திருந்தால் இறங்கியிருக்கலாம்.